பூத்ததா, முற்றினதா?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் தூரம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு, உள்ளே நடக்கும் சம்பாஷணைகளுக்குச் சற்றுச் செவி கொடுத்தால், ஒரே ஆங்கிலச் சொல்லைப் பல பேர் பல அர்த்தத்தில் உபயோகிப்பதைக் கேட்கலாம். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர், "வருகிற மாசியில் உங்கள் பாலிஸி மெச்சூர் ஆகிறது" என்று பக்கத்து ஆசனக்காரருக்கு நல்ல சேதி சொல்லிக் கொண்டிருப்பார். பின் ஆசனத்து அம்மாள், "எங்க பேத்தி போன வெள்ளிக்கிழமை மெச்சூர் ஆயிட்டா; ஞாயித்துக்கிழமை தண்ணி ஊத்தறோம், அவசியம் வந்துடணும்" என்று யாரையோ டெலிபோனில் அழைத்துக் கொண்டிருப்பாள். படியில் தொத்திக் கொண்டு வரும் காலேஜ் வாலிபர்களோ, அங்கே இல்லாத ஒரு சிநேகிதனைப் பற்றி, "அவனுக்கு மெச்சூரிட்டியே பத்தாதுடா" என்று தீர்ப்புக் கூறுவார்கள்.

பணத்துக்கும் பெண்ணுக்கும் புத்திக்கும் ஒரே சொல்! அதிலும் அந்த அம்மாள் சொன்ன அர்த்தம் நம் நாட்டிலேதான் செல்லுபடியாகும். ஓர் இங்கிலீஷ்காரரிடம் போய், "என் பேத்தி மெச்சூர் ஆகிவிட்டாள்" என்று சொன்னால், "அப்படியா? பொறுப்புத் தெரிந்த பெண்ணாகி விட்டாளா? சந்தோஷம்!" என்றுதான் அவர் பதில் சொல்வார். நம் பாட்டியம்மாளுக்கு அது விளங்காது. பேத்திக்கு வயது பன்னிரண்டு.

ஒரு வார்த்தையை எப்படி உபயோகித்தால் என்ன, அதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். பள்ளிக்கூடத்து ஆஜர்ப் பட்டியலை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது அவ்வளவு இலேசான விஷயமாகத் தோன்றுவதில்லை. ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே தொடர்ந்து பத்துப் பதினைந்து நாள் வராத குறி விழுந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வார்த்தைதான். அநேகமாகப் பெண் திரும்பி வருகிறாள். சில சமயம் வருவதில்லை.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் ஏற்பட்டதால் ஆங்கிலத்தைக் கடன் வாங்கினோம் என்று யாரும் எண்ண வேண்டாம். மாம்பிஞ்சுக்கு வடு என்று பெயர், பலாப்பிஞ்சுக்கு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, எள்ளின் பிஞ்சைக்கூட விட்டுவிடாமல் கவ்வை என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பூவுக்கோ அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று, உதிர்ந்து வாடிய பிறகும் பெயர் தொடர்கிறது. ஸ்திரீகளுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரையில் ஏழு பருவம் வகுத்திருப்பதைப் பள்ளிக்கூடத்துப் பையன்களும் ஒப்பிப்பார்கள். ஆண்களுக்கும் பருவப் பெயர்கள் உண்டு. ஆனால் அவற்றை ஒப்பித்த மாணவனை நாம் இது வரையில் சந்தித்ததில்லை!

இவ்வளவு பெயர்கள் எதற்கு? உழுது பயிரிட்ட ஜனங்களுக்கு, ஒரு பொருள் எந்த நிலைமையில் இருக்கிறது என்பது வயிற்றுப் பிழைப்புச் சம்பந்தமான சமாசாரம். எந்தக் காரியத்துக்கு அது தயார், எதற்குத் தயாரில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. கறிகாய்க் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் பெண்மணியைக் கவனியுங்கள். பட்டென்று ஒடிந்தால் கூடையில் விழும்; வளைந்து கொடுத்தால் "முற்றல்" என்று ஒதுக்கி விடுவாள். விதைக்கு வேண்டுமானால் அந்த முற்றலைத்தான் கொடியில்லாத செடியிலேயே காய விட்டு எடுக்க வேண்டும். சமையலுக்கு ஆகாதது விதைக்கு ஆகிறது. ஆக, 'முற்றியது' என்பது புகழ்ச்சியுமல்ல, இகழ்ச்சியுமல்ல. நோய் முற்றுகிறது, சண்டை முற்றுகிறது, பைத்தியமும் முற்றுகிறது, நெற்கதிரும் முற்றுகிறது.

இன்னொரு நுட்பமும் இந்தப் பாஷையில் உண்டு. முற்றுவது வேறு, பழுப்பது வேறு. மாங்காய் மரத்திலே முற்ற வேண்டும். முற்றிய பிறகு வைக்கோலில் வைத்தாலும் பழுக்கும். முற்றாத காயைப் பறித்துக் கார்பைடு கல்லை வைத்து மூடினால் தோல் மஞ்சளாகும். உள்ளே புளிப்புப் போகாது. (இப்படிக் கல் வைத்துப் பழுக்க வைப்பதைச் சர்க்கார் தடை செய்திருக்கிறார்கள். ஆயினும் கோடை காலத்தில் அதிகாரிகள் டன் கணக்கில் பழங்களைப் பறிமுதல் செய்து குழி தோண்டிப் புதைத்த செய்தி ஏதாவது ஒரு பத்திரிகையில் வராமலிருப்பதில்லை.) வெயிலிலும் வறட்சியிலும் அகாலத்தில் மஞ்சளித்த காயை 'வெம்பல்' என்கிறோம். 'பிஞ்சிலே பழுத்தது' என்று வாய்த் துடுக்கான பிள்ளைகளை ஏசுவதும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான்.

திண்டிவனத்தைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் புளியை மறந்துவிட முடியாது. திந்திரிணி என்றால் ஸம்ஸ்கிருதத்தில் புளிய மரம். திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். புளியங்காய் பிஞ்சாக இருக்கும்போது ஓடும் சதையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாயிருக்கும். முற்றிப் பழுத்த பிறகு, குலுக்கினால் உள்ளே கடகடவென்று சப்தம் கேட்கும். ஓடு தானாக விட்டுவிடும். பற்றில்லாமல் இருப்பவர்களை 'ஓடும் புளியம்பழமும் போல' என்று சொல்வது அதனால்தான்.

ஆனால் இந்தப் பிரதேசத்தின் ஜீவாதாரமான பாடம் புளியில் இல்லை; மல்லாட்டையில் இருக்கிறது. பட்டணத்து நேயர்கள் வேர்க்கடலை என்றும் நிலக்கடலை என்றும் சொல்வதை இங்கே மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டை என்ற பெயர் நாக்கிலே புரண்டு புரண்டு அப்படி ஆயிற்று. திண்டிவனத்திலுள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இந்தியா தேசம் முழுவதற்கும் தெரிந்தது. 'டி.எம்.வி.' என்ற மூன்று எழுத்துக்களால் ஆரம்பிக்கும் கடலை ரகங்களும் எள் ரகங்களும் இங்கே பிறந்தவை; அந்த எழுத்துக்கள் திண்டிவனத்தின் சுருக்கம். 1940-ம் வருஷத்தில் வெளிவந்த டி.எம்.வி. 2 என்னும் கொத்துக் கடலை, ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல பத்து வருஷங்கள் ஏகபோகமாக விளைந்தது.

அந்தக் கடலைச் செடியின் சரித்திரத்தைச் சற்றுச் சாவதானமாகக் கவனிக்க வேண்டும். விதைத்த இருபத்தைந்து, முப்பது நாளில் மஞ்சள் பூ பூத்து விடுகிறது. வயல் பார்ப்பதற்கு வெகு லட்சணமாயிருக்கும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய பிறகுதான் காய் பிடிக்க ஆரம்பிக்கும். முதலில் ஓடு பெருக்கும். உள்ளே பஞ்சு போல் வெளுத்துக் கிடக்கும். பிறகு பருப்புத் திரளும்; அப்புறம் எண்ணெய் ஏறும். கொத்து ரகமாயின் இத்தனையும் நடந்தேற 100 முதல் 105 நாள் ஆகிறது. கொடி ரகத்துக்கு இன்னும் மூன்று நாலு வாரம் கூட வேண்டும். இவ்வளவும் மண்ணுக்கு அடியில் நடக்கிற காரியமாதலால், மேலே பார்த்துக் கொண்டிருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

திண்டிவனத்துக்கு மேற்கே நமக்குத் தெரிந்த குடியானவர் ஒருவரிடம், முற்றியதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டோம்.

"செடியைப் பாத்துச் சொல்லக் கூடாதுங்க ஸார். மேலே பச்சையாத்தான் இருக்கும். அங்கங்கே நாலு செடி புடுங்கி, காயை ஒடைச்சு, ஓட்டுக்கு உள்பக்கம் பாக்கணும். வெள்ளையா இருந்தா விட்டுடணும். கறுத்திருந்தா ஆள் கூப்பிடணும்" என்றார்.

நூற்றுக்கு எழுபத்தைந்து காய் உள்ளே கறுத்திருக்க வேண்டும் என்பது விவசாய சாஸ்திரிகள் கூறும் கணக்கு. முன்னாலேயே பிடுங்கினால், களத்தில் காய்ந்ததும் பருப்புச் சுருங்கிச் சூம்பிப் போகும், எண்ணெயும் குறையும். விற்பனைக் கூடத்தில் வியாபாரி ஒரு கை அள்ளி உடைத்துப் பார்த்துவிட்டு, விலையை இறக்கிச் சொல்வான். சரி, நன்றாக முற்றட்டும் என்று காலம் கடத்தலாமா என்றால் அதுவும் கூடாது. கொத்துக் கடலைக்கு உறக்க காலம் கிடையாது. முற்றிய காய் நிலத்தில் கிடக்கும்போது ஒரு மழை பெய்தால், மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். எள்ளின் விஷயமோ இதையும் மிஞ்சியது. மேலுள்ள காய்களும் முற்றட்டும் என்று காத்திருந்தால், கீழ்க் காய்கள் வெடித்து எள் அத்தனையும் தரையில் கொட்டிப் போகும். ஆகையால் அடி இலை உதிர்ந்து, அடிக்காய் மஞ்சளித்தவுடனேயே அறுத்து விடுகிறார்கள்.

இப்படி உடைத்துப் பார்த்தே முடிவு செய்யும் குடியானவர், பூத்த அன்றைக்கே மல்லாட்டைச் செடியைப் பிடுங்குவாரா? பிடுங்குகிறவனைப் பார்த்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

இங்கேதான் நம் மூதாதைகள் உபயோகித்த சொல் ஒன்றை ஞாபகப்படுத்திக் கொள்ள வேண்டியிருக்கிறது. பெண் குழந்தையின் தேகத்தில் நிகழும் அந்த மாறுதலுக்குத் தமிழில் 'பூப்பு' என்று பெயர். எவ்வளவு நிதானமான சொல்! பூத்திருக்கிறது, அவ்வளவுதான். காய்த்ததாகவோ, முற்றியதாகவோ, பழுத்ததாகவோ அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. அழைப்பிதழ்களில் இன்றைக்கும் 'பூப்புனித நீராட்டு விழா' என்று அச்சிடுகிறார்கள். ஆனால் அச்சிட்ட கையோடு வாயால் சொல்வது 'மெச்சூர்' என்று. பூவைக் குறித்த சொல்லைக் காகிதத்தில் விட்டுவிட்டுக் கனியைக் குறித்த சொல்லைப் பேச்சுக்கு எடுத்துக் கொண்டோம்.

ஆங்கிலத்தின் மேலேயே பழியைப் போடுவதும் நியாயமாகாது. 'பெரியவளானாள்', 'வயதுக்கு வந்தாள்' என்ற நம் சொந்த வாக்கியங்களும் இதற்கு உடந்தை. 'வயதுக்கு வந்த பெண்' என்றால் பன்னிரண்டு, பதிமூன்று. 'வயது வந்தோர் வாக்குரிமை' என்றால் பதினெட்டு. ஒரே சொல்லின் இரண்டு அர்த்தங்களுக்கு நடுவே ஐந்தாறு வருஷம் இடைவெளி இருக்கிறது. அந்த ஐந்தாறு வருஷத்துக்குள்தான் ஒரு பெண்ணின் படிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

சட்டத்தார் அந்த இடைவெளியை அளப்பதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1875-ம் வருஷத்து மேஜர் வயதுச் சட்டம் பதினெட்டு என்று நிர்ணயித்தது. சொத்துக்குக் கோர்ட்டார் கார்டியன் நியமித்திருந்தால் இருபத்தொன்று. (இந்த இருபத்தொன்றை 1999-ல் எடுத்து விட்டார்கள்.) தகப்பனை இழந்த ஜமீன்தார்ப் பிள்ளைகளின் சொத்தை அக்காலத்தில் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' நிர்வகித்து வந்தது. உரிய வயது வந்ததும் பெருந்தொகை கைக்கு வரும் என்ற தைரியத்தில் அப்பிள்ளைகளில் சிலர் செய்த ஆடம்பரங்கள் பிரசித்தமானவை. அந்த வாசனையில்தான் போலும், 'மைனர்' என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் சிறுவன் என்ற அர்த்தம் போய், ஜவ்வாதுப் பொட்டும் தங்கச் சங்கிலியுமாகத் திரியும் உல்லாச புருஷன் என்ற அர்த்தம் வந்து ஒட்டிக் கொண்டது. ஐம்பது வயதிலும் 'மைனர்' என்று அழைக்கப்பட்ட கனவான்கள் உண்டு!

பெண்களின் விஷயத்தில் சட்டம் வெகு தயக்கத்தோடு நடந்து வந்திருக்கிறது. 1891-ல் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதற்கே தேசமெங்கும் கூக்குரல் கிளம்பிற்று. 1929-ம் வருஷத்து சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று கலியாண வயதை வைத்தது. அது அமலுக்கு வந்தது 1930 ஏப்ரல் 1-ந் தேதி. அதற்குள் முடித்துவிட வேண்டுமென்று அவசர அவசரமாக மேளம் கொட்டிய வீடுகள் அநேகம். 1949-ல் பெண்ணுக்குப் பதினைந்து ஆயிற்று. 1978-ல் பெண்ணுக்குப் பதினெட்டும் ஆணுக்கு இருபத்தொன்றும் ஆயின. 2006-ம் வருஷத்துச் சட்டம் குழந்தை மணத்தை நடத்தி வைப்பவர்களையும் ஊக்குவிப்பவர்களையும் தண்டனைக்கு உள்ளாக்கியது. வாக்குரிமை வயதும் 1989-ல் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது. இதன் பலனாக, நாட்டை ஆளுகிறவர்களைப் பொறுக்கி எடுப்பதற்குப் பதினெட்டு வயது வாலிபன் லாயக்கு. மனைவியைப் பொறுக்கி எடுப்பதற்கு இன்னும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். சர்க்காரின் அபிப்பிராயத்தில் எது அதிகக் கஷ்டமான காரியம் என்பது நேயர்களுக்கு விளங்குகிறதல்லவா?

வைத்தியர்கள் சொல்வதும் குடியானவர் சொன்ன தோரணையிலேயே இருக்கிறது. முதல் பூப்புக்குப் பிறகும் பெண்ணின் இடுப்பெலும்பு சில வருஷங்கள் வளர்ந்து கொண்டிருக்கிறது. இருபது வயதுக்குள் தாயாகிறவர்களுக்குப் பிரசவ காலத்து ஜன்னி முதலிய அபாயங்கள் அதிகம். குழந்தை குறை மாதத்திலும், எடை குறைவாகவும் பிறப்பது அதிகம். மூளையிலே, முன்பின் யோசித்து முடிவு செய்வதற்கான பாகம் இருபதுகளின் நடு வரையில் பக்குவப்பட்டுக் கொண்டே இருக்கிறதாம். அது ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

* * *

சில வருஷங்களுக்கு முன்பு எட்டாம் வகுப்பில் நம்மிடம் வாசித்த ஒரு சிறுமி ஒரு மாதமாக வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரி. விசாரித்துக் கொண்டு வீட்டுக்குப் போனோம். வாசலில் போட்டிருந்த பந்தலைக் கூட இன்னும் பிரிக்கவில்லை. தகப்பனார் மரியாதையாகக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அது பெரிய பொண்ணாயிடுச்சுங்க ஸார். இனிமே என்னாத்துக்குப் படிப்பு? தாய்மாமன் மவன் இருக்கான். அடுத்த தையிலே பேசி முடிச்சுடலாம்னு இருக்கோம்" என்றார்.

சட்டத்தைச் சொன்னோம். "ஊர்லே நடக்காததா ஸார்?" என்றார். அவரும் மல்லாட்டை போடுகிறவர்தான். ஆதலால் பூவையும் காயையும் பற்றிச் சொன்னோம். அதற்குச் சிரித்தார், சம்மதிக்கவில்லை. உபமானங்களால் மனிதர்கள் மனம் மாறுவது புத்தகங்களில்தான் போலும்.

திண்ணை மூலையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த கிழவி, பெண்ணின் அப்பாயி, அது வரையில் பேசவில்லை. இடிப்பதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்து, "எனக்குப் பதினாலுலே முடிச்சாங்க. மொதப் புள்ளை தங்கலை. ரெண்டாவதும் தங்கலை. மூணாவதுதான் நீ. அது பள்ளிக்கூடம் போவட்டும்" என்றாள். மறுபடியும் இடிக்க ஆரம்பித்தாள்.

தகப்பனார் நம்மைப் பார்க்கவில்லை, தாயாரையும் பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

கதை இத்துடன் முடிந்தால் நாம் இதை எழுதியிருக்க மாட்டோம். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள். பதினெட்டும் முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. சென்னையில் நர்ஸு வேலைக்குப் படிக்க இடமும் கிடைத்தது. அதே தகப்பனார் இப்போது, "அது சின்னப் பொண்ணு ஸார். அதுக்கு என்னா தெரியும்? தனியா எப்படி அனுப்பறது? இன்னும் பக்குவம் வரலை" என்றார்.

"பதிமூணு வயசிலே பெரியவளாயிருந்தேன் ஸார். பதினெட்டு முடிஞ்சதும் சின்னவளாயிட்டேன்" என்று அந்தப் பெண் நம்மிடம் சொன்னாள். சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. (கடைசியில் போனாள். தகப்பனாரே ரயில் ஏற்றிவிட்டு வந்தார்.)

பக்குவம் என்ற இந்தச் சொல் ஸம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது. சமைத்தது, வெந்தது என்பது மூலப் பொருள். விழுப்புரம் பக்கத்தில் கரும்பாலைகளில் வெல்லப் பாகு காய்ச்சுகிறவர்களிடம் இதன் அர்த்தத்தை நேரில் பார்க்கலாம். கொதிக்கும் பாகில் சிறிது எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டு நின்றால் பக்குவம். ஒரு நிமிஷம் முந்தினால் அச்சில் நிற்காது; பிந்தினால் கருகிவிடும். வயதைப் பார்த்துப் பக்குவத்தைச் சொல்ல முடியாது. உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒருவருடைய பக்குவத்தை எடை போடுவதில் நம் ஜில்லாவுக்கு மிகப் பழைய கீர்த்தி ஒன்று உண்டு. பெண்ணையாற்றங்கரையில் உள்ள திருவெண்ணெய்நல்லூரில் பதிமூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வாழ்ந்தார். சிவஞான போதத்தை அருளியவர் அவர். அவருடைய குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்தவர் அருணந்தி சிவாசாரியார். ஆகமங்களையெல்லாம் கரைத்துக் குடித்தவராதலால் சகலாகம பண்டிதர் என்று பெயர். அவர் வயோதிகர், மெய்கண்டாரோ சிறு பிள்ளை. தம்மை வந்து வணங்காத சிறுவனைக் காண அவரே போனார் என்றும், ஆணவத்தின் சொரூபம் என்ன என்று கேட்டார் என்றும், சிறுவன் ஒன்றும் பேசாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தான் என்றும் சைவ மரபில் சொல்வார்கள். குலகுரு அங்கேயே சிஷ்யரானார். இந்த வரலாற்றில் பையனுடைய பக்குவத்தைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். நம் மனத்தைக் கவர்வது கிழவருடையது. அவ்வளவு படித்தவர் ஒரு பார்வையில் அர்த்தத்தைக் கண்டு கொண்டாரே!

பக்குவம் இல்லை என்று பிறரைப் பார்த்துச் சொல்பவர்கள் பொதுவாக அருணந்தியைப் போன்றவர்கள் அல்ல. பிரிட்டிஷார் இந்தச் சொல்லை இந்த நாட்டின் மீது நெடுங்காலம் பிரயோகித்தார்கள். சுயாட்சி படிப்படியாகத்தான் வரும், ஒவ்வொரு படிக்கும் உரிய காலம் வந்துவிட்டதா என்று நிர்ணயிப்பது தங்கள் பார்லிமெண்டே என்று 1919-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின் முகவுரையிலேயே எழுதி வைத்தார்கள். 1935-ம் வருஷத்துச் சட்டத்திலும் சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பார்த்தே வாக்குரிமை கொடுத்தார்கள். 1951-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். இந்த ஜனங்கள் 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களாகப் பதிவாகி, சின்னத்தைப் பார்த்துச் சீட்டுப் போட்டார்கள். சுதந்திரம் வந்த 1947 ஆகஸ்டு 15 அன்று சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக இருந்தவர் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரைச் சேர்ந்த விவசாயி, ராமசாமி ரெட்டியார்.

பெண் குழந்தைகளுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் அந்த ஓமந்தூரார் மந்திரி சபையின் காலத்தில், 1947-ல் நிறைவேறியது. அதற்காகச் சட்டசபையில் முதலில் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மேடையிலும் தெருவிலும் போராடியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். பிந்தியவர் பெயரால் 1989-ல் தமிழ்நாடு சர்க்கார் ஏழைப் பெண்களுக்குக் கலியாண உதவித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், குறிப்பிட்ட வகுப்பு வரையில் படித்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். 2022-ல் அதைப் 'புதுமைப் பெண்' திட்டமாக மாற்றினார்கள். அரசாங்கப் பள்ளிகளில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். கலியாணத்துக்கென்று இருந்த பணம் காலேஜுக்குப் போயிற்று. இதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள். தாலிக்குத் தங்கம் போயிற்றே என்று ஏங்கும் தாய்மார்களின் கஷ்டமும் பொய்யல்ல.

இதைவிடப் பழைய திட்டம் ஒன்று, 1992-ல் ஏற்பட்டது. ஆண் குழந்தை இல்லாத ஏழைக் குடும்பத்தில் பெண் குழந்தையின் பெயரில் சர்க்கார் ஒரு தொகையை டிபாசிட் செய்கிறார்கள். 2011-ல் உயர்த்தியபடி, ஒரே பெண்ணாயின் 50,000 ரூபாய். இரண்டு பெண்களாயின் தலைக்கு 25,000. பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்பும்போது வட்டியுடன் கிடைக்கும். அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பத்திரத்தில் இதற்கு 'முதிர்வுத் தொகை' என்று பெயர். ஜனங்கள் வாயில் 'மெச்சூரிட்டிப் பணம்'.

சென்ற ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஏழாம் வகுப்புப் பெண்ணின் தாயார் ஒருத்தி அந்தப் பத்திரத்தின் நகலை மடித்து எடுத்துக் கொண்டு வந்தாள். பெண் விடுமுறையில் பூப்பெய்தி இருந்தாள் என்று மற்றப் பெண்கள் மூலம் நமக்கு முன்னமே தெரியும்.

"இதிலே மெச்சூரிட்டி தேதி எது ஸார்?" என்று கேட்டாள்.

காட்டினோம். ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தது.

"நடுவிலே படிப்பை நிறுத்திட்டா?"

பத்தாம் வகுப்பு எழுதாவிட்டால் அந்தத் தொகை வராது என்றோம்.

"அப்படின்னு ஒரு சீட்டிலே எழுதிக் குடுங்க ஸார். வீட்டிலே அவங்க கிட்டே காட்டணும்" என்றாள்.

எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தோம். பத்திரத்துக்குள் அதை வைத்து மடித்து, முந்தானையில் முடிந்து கொண்டு போனாள்.